யாருடைய வலது?

"உங்க இடது பக்கமா, என் இடது பக்கமா தம்பி?"

எக்ஸ்ரே டேபிளில் படுத்தபடி ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் அப்போது எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். இரவுப் பணி. வயிறு பலகைபோல இறுகிப்போய், வலியில் பேச்சே பாதிப் பாதியாக வந்துகொண்டிருந்த மனிதர். அவருடைய கால்மாட்டில் நின்றுகொண்டு, "இடது பக்கம் திரும்பிப் படுங்க ஐயா" என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்டதும், "உங்க இடதுதான் ஐயா" என்று உடனே பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் அடுத்த அரைமணி நேரத்தில் நான் செய்த தவறும் அந்தக் கேள்வியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் படமெடுக்க உடம்பை வைக்கும் நிலையை, அதாவது பொசிஷனை, சொல்லித்தரும்போதெல்லாம் அந்தக் குரல் முதலில் வந்து நிற்கிறது.

போன வாரம் அது மறுபடி வந்தது. ஒரு மாணவி வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். சூப்பைன், புரோன், லேட்டரல், ஒப்ளிக், டெகுபிட்டஸ் என்று எதைக் கேட்டாலும் புத்தகத்தில் இருக்கிறபடியே சொல்கிறாள். ஒரு சொல் பிசகவில்லை. சரி, உன் தோழியைப் படுக்கவைத்து ஆர்.பி.ஓ. காட்டு என்றேன். அதாவது வலது பின்புற ஒப்ளிக், உடம்பின் வலது பின்பக்கம் டேபிளைத் தொடும்படி சாய்ந்திருக்கும் நிலை. தோழியை மல்லாக்கப் படுக்கவைத்தாள். அதுவரை சரி. அப்புறம் அவளுடைய வலது தோளைப் பிடித்து மேலே தூக்கினாள். தூக்கியதும் அது எல்.பி.ஓ., அதாவது இடது பின்புற ஒப்ளிக் ஆகிவிட்டது. 'வலது' என்ற சொல் காதில் விழுந்ததும் கை வலது தோளுக்குப் போய்விட்டது. டேபிளைத் தொடவேண்டிய பக்கம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது என்பதை அவள் வாய் ஒரு நிமிடம் முன்புதான் மிகச் சரியாகச் சொல்லியிருந்தது. அவளிடம் நான் பார்த்தது என்னையேதான். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சொற்களை நாம் கற்றுத்தரும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது என்று பல வருடங்களாக எனக்கு ஒரு எண்ணம். அதை இங்கே கொட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

உள்ளங்கையை ஏன் முன்னால் காட்டவேண்டும்?

முதல் வகுப்பில் எல்லோருக்கும் உடற்கூற்று நிலையைச் சொல்லித்தருகிறோம். நேராக நிற்கவேண்டும், முகம் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில், உள்ளங்கைகள் முன்னால் தெரியும்படி, பாதங்கள் முன்னோக்கி. மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். யாருமே அப்படி நிற்பதில்லையே, உள்ளங்கை தொடையைப் பார்த்துத்தானே தொங்குகிறது, அதை ஏன் வலிந்து திருப்பவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பதில் உங்கள் முன்கையிலேயே இருக்கிறது. இப்போதே செய்து பாருங்கள். முன்கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். ஆர எலும்பும் முழங்கை எலும்பும், அதாவது ரேடியஸும் அல்னாவும், இரண்டு தண்டவாளங்கள்போல அருகருகே கிடக்கின்றன. இனி மற்றக் கையின் விரல்களால் முன்கையைப் பற்றிக்கொண்டு உள்ளங்கையை மேசையைப் பார்க்கத் திருப்புங்கள். கட்டைவிரல் பக்கத்து எலும்பு மெல்ல உருண்டு மற்றதன்மேல் குறுக்கே ஏறுவது விரலுக்கே தெரியும். அந்த நிலையில் படம் எடுத்தால் ஒரு எலும்பு இன்னொன்றை மறைக்கும். முன்கைக்கு ஏ.பி., அதாவது கதிர் முன்னிருந்து பின்னுக்குப் போகும் படம், எடுக்கும்போது உள்ளங்கை மேலே இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான். கட்டைவிரல் எப்போதும் 'வெளிப்பக்கம்' என்று சொல்லமுடிவதும் இந்த நிலையை நாம் ஒப்புக்கொண்டதால்தான். கையைத் திருப்பினாலும் பெயர் திரும்பாது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தற்செயல் உண்டு. உடற்கூற்றியலில் ஒரே உறுப்புக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்த குழப்பத்தை ஒழுங்குபடுத்தி, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஒரு பொதுப் பெயர்ப்பட்டியலை ஏற்றுக்கொண்டது 1895-ஆம் ஆண்டில். ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டதும் அதே 1895-இல், நவம்பர் 8 அன்று. அந்த டிசம்பரில் அவர் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார், விரலில் மோதிரத்தோடு. உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் பெயர்களை ஒரு வழியாக முடிவுசெய்த அதே வருடத்தில், திறக்காமலே பார்க்கும் வழியும் வந்துவிட்டது. அந்தப் பெயர்கள் மேசையில் கிடந்த, அசையாத, எதிர்க்கேள்வி கேட்காத உடம்புகளைப் பார்த்து வைக்கப்பட்டவை. நாம் அவற்றை மூச்சுவிடுகிற, வலிக்கிற, "எந்தப் பக்கம்?" என்று கேட்கிற மனிதர்மேல் பயன்படுத்துகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சொற்களில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். மல்லாந்து படுப்பது சூப்பைன், குப்புறப் படுப்பது புரோன், ஒருக்களித்துப் படுப்பது லேட்டரல். இது எல்லா மாணவர்களுக்கும் புரிந்துவிடும். ஆனால் கையைத் திருப்புவதற்கான சூப்பினேஷன், புரோனேஷன் என்ற சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். எது எது என்று தேர்வறை வாசலில் குழம்புகிறார்கள். கையை மல்லாத்தினால் சூப்பினேஷன், கவிழ்த்தால் புரோனேஷன். உடம்புக்குச் சொல்லும் அதே சொல்தான் கைக்கும். லத்தீனிலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். இதை ஒரு முறை சொன்னால் போதும், பிறகு யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை.

டார்சம் என்பது இன்னும் அழகு. டார்சல் என்றால் பின்புறம், முதுகுப் பக்கம் என்று முதல் பாடத்தில் படித்த பிள்ளை, காலுக்கு வந்ததும் பாதத்தின் மேற்பரப்புதான் டார்சம் என்று கேட்டுத் திகைத்துப்போகும். பாதத்துக்கு ஏ.பி. எடுக்கும்போது கதிர் மேலிருந்து உள்ளங்காலுக்குப் போகிறது, அதற்கு டார்சோபிளாண்டர் என்று பெயர். பின்புறத்திலிருந்து என்று அதில் சொல்லியிருக்கிறதே, நாம் முன்னாலிருந்துதானே எடுக்கிறோம் என்று ஒரு பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான். நான் அவனிடம் கேட்டேன்: புறங்கை எது? காட்டினான். புறங்கால் எது? பாதத்தின் மேற்பக்கத்தைக் காட்டினான். புறமுதுகு? சிரித்துவிட்டான். மூன்று இடத்திலும் நம் மொழி ஒரே 'புறம்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது, டார்சம் என்பது அந்தப் புறம்தான். கருவில் கைகால்கள் சிறு மொட்டுகளாக முளைக்கும்போது இந்த மூன்று புறங்களும் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு கை வெளிநோக்கிச் சுழன்று முழங்கை பின்னால் போனது, கால் உள்நோக்கிச் சுழன்று முழங்கால் முன்னால் வந்தது. அதனால்தான் புறங்கால் இன்று முன்னும் மேலுமாகத் தெரிகிறது. முழங்கையும் முழங்காலும் எதிரெதிர்த் திசையில் மடங்குவதற்கும் காரணம் அதுவே.

அந்த இரவு

மறுபடி பெரியவரிடம் வருகிறேன். அவசரப் பிரிவிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கையில் சலைன் ஓடிக்கொண்டிருந்தது. குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். வழக்கமாக அதற்கு நிற்கவைத்து மார்பைப் படமெடுப்போம். குடலிலிருந்து கசிந்த காற்று மேலே ஏறி உதரவிதானத்துக்கு அடியில் மெல்லிய பிறைபோல நிற்கும். இவரால் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அதனால் படம் கேட்டு அனுப்பிய சீட்டில் 'வயிறு, இடது லேட்டரல் டெகுபிட்டஸ்' என்று எழுதியிருந்தார்கள்.

நான் அந்தச் சொற்களை மூன்றாகப் பிரித்துப் படித்தேன். இடது, புரிந்தது. லேட்டரல், புரிந்தது. டெகுபிட்டஸ் என்றால் படுத்திருப்பது, அதுவும் புரிந்தது. படுக்கைப்புண்ணை டெகுபிட்டஸ் அல்சர் என்று வார்டில் சொல்வார்களே, அதே சொல். ஆக, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படமெடுக்கவேண்டும். அவரைத் திருப்பினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அவர் திரும்பி முடிக்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆனது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் பல்லைக் கடித்தார். படம் பதியும் கேசட் டேபிளுக்கு அடியில், பக்கி என்கிற தட்டில் இருந்தது. கதிர் வரும் ட்யூபை அவருக்கு நேர்மேலே கொண்டுவந்து, இடுப்பெலும்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, கதிரின் மையத்தை அங்கே வைத்துச் சென்டர் செய்து, "மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்க ஐயா" என்று சொல்லிப் படத்தை எடுத்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்த திருப்தி எனக்கு.

படத்தைப் பார்த்த மூத்த அக்கா ஒன்றும் பேசாமல் சீட்டை எடுத்து மறுபடி படித்தார். "தம்பி, நீ எடுத்திருக்கிறது லேட்டரல். கேட்டது டெகுபிட்டஸ்." நான், "படுக்கவச்சுத்தானே அக்கா எடுத்தேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "படுக்கிறது அவரோட வேலை. கதிர் எப்படிப் போகணும்ங்கிறது நம்ம வேலை. ரெண்டும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

அதன்பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் ஓரமாக நின்று பார்த்தேன். முதலில் பெரியவரின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பேசினார். "ஐயா, இப்போ இருக்கிற மாதிரியே இருங்க. திரும்ப வேண்டாம். ஒரு 10 நிமிஷம் இப்படியே கிடக்கணும், நான் பக்கத்திலயே இருக்கேன்." அடியில் இருக்கும் பக்கம் மெத்தையில் புதைந்து படத்திலிருந்து வெட்டுப்படக்கூடாது என்று கீழே ஒரு கெட்டியான பலகையைச் செருகவைத்தார். முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கிவிட்டு இடையில் தலையணை வைத்தார். கைகளை முகத்தருகே தூக்கிவைத்தார். கேசட்டை அவர் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தினார். மேலே இருந்த வலது விலாப்பக்கம் முழுதாகவும், உதரவிதானமும் படத்துக்குள் வரும்படி இடுப்பு விளிம்புக்குச் சற்று மேலே சென்டர் வைத்தார். வலதைக் குறிக்கும் ஈய எழுத்து ஆர்-ஐ மேல் பக்கத்தில் ஒட்டினார், கூடவே மேல்நோக்கிய அம்புக்குறி. பிறகு ட்யூபைக் கீழே இறக்கி, டேபிளுக்கு இணையாகக் கிடைமட்டமாகத் திருப்பினார். அதுவரை ட்யூப் அப்படித் திரும்பி நின்று நான் பார்த்ததுண்டு, மார்புப் படத்துக்கு. படுத்திருப்பவர் பக்கம் அது திரும்பும் என்பது என் மனதில் வந்ததே இல்லை.

10 நிமிடம் காத்திருந்தோம். காற்று மெதுவாகத்தான் நகரும், அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். அந்த 10 நிமிடமும் அக்கா பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி இருந்த இடம் மடங்காமல் பார்த்துக்கொண்டார். படம் வந்தது. கல்லீரலின் சாம்பல் நிறத்துக்கும் வலது விலாச் சுவருக்கும் நடுவில் ஒரு கரிய கோடு, நகத்தை வெட்டி வைத்ததுபோல. என் படத்தில் அது எங்கேயும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. அன்று இரவே அவரை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நான் எடுத்த முதல் படத்தோடு மருத்துவரிடம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தண்ணீர்க் கோட்டை எங்கிருந்து பார்ப்பது

பணி முடிந்து போகும்போது அக்கா ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தார். "மேல இருந்து பாரு, தண்ணி எவ்வளவு இருக்குன்னு தெரியுதா?" தெரியவில்லை. "குனிஞ்சு பக்கவாட்டில பாரு." மட்டம் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. அவ்வளவுதான் பாடம். காற்றும் நீரும் பிரியும் மட்டம் எப்போதும் தரைக்கு இணையாகத்தான் இருக்கும். அதைப் பார்க்கக் கதிரும் தரைக்கு இணையாகப் போகவேண்டும். மேலிருந்து செங்குத்தாக அடித்தால் காற்றும் நீரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கிப்போகும். ரேடியோகிராஃபியில் டெகுபிட்டஸ் என்று சொன்னாலே கிடைமட்டக் கதிர் என்றுதான் பொருள். இடது பக்கம் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இடது பக்கத்தில் இரைப்பையில் இயல்பாகவே காற்றுக் குமிழ் இருக்கும், அதையும் கசிந்த காற்றையும் பிரித்தறிவது கடினம். வலது பக்கத்தில் கல்லீரல் சீரான ஒரே நிறத்தில் பரந்து கிடக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு சொட்டுக் காற்று இருந்தாலும் கறுப்பாகத் தனித்து நிற்கும். மார்புக்கு டெகுபிட்டஸ் எடுக்கும்போது தேடுவதைப் பொறுத்துப் பக்கம் மாறும். நுரையீரல் உறையில் நீர் என்றால் சந்தேகப்படும் பக்கம் கீழே, காற்று என்றால் சந்தேகப்படும் பக்கம் மேலே. நீர் இறங்கும், காற்று ஏறும். இதை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் உடம்பு எப்படிக் கிடக்கிறது என்பதும் கதிர் எந்த வழியாகப் போகிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் என்று எனக்கு உறைத்தது. முதலாவது பொசிஷன், இரண்டாவது புரொஜெக்ஷன். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'வியூ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், அதில்தான் வினை. மல்லாந்து படுத்தால் ஏ.பி., குப்புறப் படுத்தால் பி.ஏ. (கதிர் பின்னிருந்து முன்னுக்கு) என்று மாணவர்கள் மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. விபத்தில் வந்தவருக்குக் கழுத்தில் காலர் போட்டு மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். அவரை அசைக்கக்கூடாது. கேசட்டைக் கழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதிரைப் பக்கவாட்டில் அனுப்பி லேட்டரல் எடுக்கிறோம். உடம்பு மல்லாந்துதான் இருக்கிறது, புரொஜெக்ஷன் லேட்டரல். இதற்குத்தான் டார்சல் டெகுபிட்டஸ் என்று பெயர், முதுகின்மேல் படுத்திருப்பவருக்குக் கிடைமட்டக் கதிர். முடிச்சை அவிழ்க்காத மாணவர் அந்த இடத்தில் நோயாளியைப் புரட்டப் பார்ப்பார். கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடிய ஒருவரை.

கதிரின் வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மார்புப் படத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பி.ஏ. என்றால் கதிர் முதுகில் நுழைந்து மார்பில் வெளியேறுகிறது, மார்பு, படம் பதியும் தட்டையொட்டி நிற்கிறது. இதயம் மார்பின் முன்பக்கத்தில் இருக்கிறது. தட்டுக்கு நெருங்கிய பொருளின் நிழல் அதிகம் பெருக்காது, ட்யூபும் 180 சென்டிமீட்டர் தள்ளி நிற்பதால் இதயம் ஏறக்குறைய உள்ளபடியே விழுகிறது. வார்டில் படுக்கையிலேயே எடுக்கும் ஏ.பி. படத்தில் இதயம் தட்டிலிருந்து விலகிப்போகிறது, ட்யூபும் கிட்டே வந்துவிடுகிறது. அதே இதயம் பெரிதாகத் தெரியும். மார்பின் அகலத்தில் பாதிக்குமேல் இதயம் இருந்தால் வீக்கம் என்ற கணக்கு பி.ஏ. படத்துக்குத்தான் செல்லும். படத்தில் ஏ.பி. என்று குறிக்க மறந்தால், இல்லாத இதய வீக்கத்தை ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பக்கவாட்டுப் படத்துக்கு வழக்கமாக இடது பக்கத்தைத் தட்டில் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். எழுத்து இரண்டுதான், அவற்றின் வரிசை மாறினால் நோயே மாறுகிறது.

ஒப்ளிக்கைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயரில் இருக்கும் பக்கம் தட்டைத் தொடும் பக்கம், இதில் விதிவிலக்கே இல்லை. ஆனால் அந்தப் படம் காட்டுவது எந்தப் பக்கத்தை என்பது இடத்துக்கு இடம் மாறும். இடுப்பு முதுகெலும்பில் பின்புற ஒப்ளிக் எடுத்தால் தட்டையொட்டிய பக்கத்துச் சிறு மூட்டுகள் திறந்து தெரியும், முள்ளெலும்பின் பகுதிகள் சேர்ந்து நாய்க்குட்டிபோலத் தோன்றும் அந்தப் புகழ்பெற்ற உருவமும் அங்கேதான் தெரியும். கழுத்தெலும்பில் பின்புற ஒப்ளிக் எடுத்தால் தட்டிலிருந்து விலகிய பக்கத்து நரம்புத் துளைகள்தான் தெரியும். எல்லோரும் இதற்கு ஒரு அட்டவணை போட்டுத் தருகிறார்கள். நான் ஒரு முதுகெலும்பு மாதிரியைக் கையில் கொடுத்து, டார்ச் விளக்கைக் கதிராக வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். துளை வழியாக வெளிச்சம் வரும் கோணத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அட்டவணை தேவைப்படுவதில்லை.

சொல் காதில் விழும் இடம்

இவ்வளவும் நமக்குள் பேசிக்கொள்வது. டேபிளில் இருப்பவரிடம் இவை எதையும் சொல்லமுடியாது. சீட்டில் இருக்கும் லத்தீனை அவர் உடம்புக்குப் புரியும் பேச்சாக மாற்றுவது நம் வாய்தான், அங்கேதான் நிறையப் பிழை நடக்கிறது. "வலது பக்கம் திரும்புங்க" என்றால் சிலர் வலது பக்கம் அடியில் போகும்படி புரளுவார்கள், சிலர் வலது தோளை மேலே தூக்குவார்கள். இரண்டுமே நம் மொழியில் நியாயமான பொருள்தான். அதனால் நான் பக்கத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன். அனுமதி கேட்டுத் தூக்கவேண்டிய தோளை மெல்லத் தொட்டு, "இந்தத் தோளைக் கொஞ்சம் தூக்குங்க" என்கிறேன். "சுவரைப் பார்த்துத் திரும்புங்க", "கதவைப் பார்த்துத் திரும்புங்க" என்றும் சொல்வதுண்டு. சுவருக்கும் கதவுக்கும் யாருடைய இடது என்ற சந்தேகம் வராது.

சொல்லைத் தெரிந்தும் செய்யக்கூடாத இடமும் இருக்கிறது. இடுப்பு மூட்டுக்கு ஏ.பி. எடுக்கும்போது காலை 15 முதல் 20 டிகிரி உள்நோக்கிச் சுழற்றவேண்டும், அப்போதுதான் தொடையெலும்பின் கழுத்து சுருங்காமல் முழு நீளத்தில் தெரியும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கீழே விழுந்து, கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும் ஒரு பாட்டியிடம் இதைச் செய்யக்கூடாது. அந்தச் சாய்வே முறிவின் அடையாளமாக இருக்கலாம். கால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே எடுக்கவேண்டும். உட்சுழற்சி என்ற சொல்லை மட்டும் படித்தவருக்கும், சுழலும்போது உள்ளே எந்த எலும்பு எங்கே நகர்கிறது என்று கண்முன் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாட்டியின் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கத்தைக் குறிக்கும் ஈய எழுத்தான மார்க்கரைப் பற்றியும் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. ஈய எழுத்தைப் படமெடுக்கும் முன்பே, வெளிச்சம் விழும் எல்லைக்குள் வைக்கவேண்டும். இப்போது எல்லாமே கணினித் திரை. எடுத்துமுடித்த பிறகு ஓர் எழுத்தைச் சொடுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம், படத்தை இடவலமாகப் புரட்டவும் ஒரு பொத்தான் இருக்கிறது. எதிரே நிற்பவரைப் பார்ப்பதுபோலத்தான் படத்தைப் பார்க்கிறோம், அவருடைய வலது நமக்கு இடது பக்கம் வரும். சிலருக்குப் பிறவியிலேயே இதயம் வலது பக்கம் இருக்கும். அப்படி ஒருவரின் படம் வந்ததும், தலைகீழாக வந்துவிட்டது என்று நினைத்து யாராவது அதைப் புரட்டிவிட்டால், அவர் உடம்பின் உண்மையைச் சொல்ல எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த ஈய எழுத்துதான். புரட்டினால் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சேர்த்த எழுத்து அப்படிச் செய்யாது, அது எப்போதும் நேராகவே நிற்கும்.

அந்த மாணவியிடம் நான் திட்டவில்லை, அட்டவணையும் கொடுக்கவில்லை. நீ ஏறிப் படு என்றேன். மல்லாந்து படுத்தாள். அவள் தோழியைக் கால்மாட்டில் நிற்கவைத்து, ஒரு சீட்டில் 'ஆர்.பி.ஓ.' என்று எழுதிக் கொடுத்தேன். லத்தீன் சொல் ஒன்றுகூட வராமல் படுத்திருப்பவரை அந்த நிலைக்குக் கொண்டுவரவேண்டும். தோழி கொஞ்சம் யோசித்து, "வலது பக்கம் திரும்பு" என்றாள். டேபிளில் இருந்தவள் எந்தத் தோளைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டையும் லேசாக அசைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தாள். "சார், இங்கே படுத்தா ஒண்ணுமே தெரியல, லைட்டு மட்டும்தான் தெரியுது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோழி கால்மாட்டிலிருந்து கிளம்பி, டேபிளைச் சுற்றிக்கொண்டு அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "தொடட்டுமா?" என்று கேட்டாள். தோளைத் தொட்டு, "இதைத் தூக்கு" என்றாள். 45 டிகிரிக்கு நுரைப்பஞ்சு ஆப்பை முதுகுக்கடியில் செருகினாள். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஈய ஆர்-ஐ எடுத்து, எங்கே ஒட்டுவது என்று ஒரு நிமிடம் நின்று, படுத்திருந்தவளின் வலது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் ஒட்டினாள்.